குழந்தைக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால்: பக்கவிளைவு எது, கவனக்குறைவு எது?

2025 அக்டோபரில் ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்துச் செய்தி வந்ததும் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் அலமாரியில் இருந்த சிரப் சீசாக்களை எடுத்துப் பார்த்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் மாநிலத்தில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தயாரிப்பாளரோடு, அந்த மருந்தை எழுதிக்கொடுத்த குழந்தை மருத்துவர் ஒருவரும் கைதானார்.

அங்கேதான் குழப்பம் தொடங்கியது. ‘மருந்து கெட்டுப்போனதற்கு டாக்டர் என்ன செய்வார்?’ என்றார்கள் சிலர். ‘எழுதிக் கொடுத்தவர்தானே பொறுப்பு?’ என்றார்கள் வேறு சிலர். ‘எங்க பையனுக்கும் ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுங்க, கேஸ் போடலாங்களா?’ என்று கேட்பவர்களும் உண்டு. இவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். விடைகளும் வேறு வேறு சட்டங்களில் இருக்கின்றன.

மூன்று தனித்தனி விஷயங்கள்

1. மருந்தே சரியில்லை. கலப்படம், போலி, தரக்குறைவு ஆகியவை இதில் வரும். கோல்ட்ரிஃப் இந்த வகை. இதைப் பக்கவிளைவு என்று சொல்வதே தவறு. இது நஞ்சு.

2. மருந்து சரி, அளவும் சரி, இருந்தும் உடல் ஏற்கவில்லை. இதுதான் உண்மையான பக்கவிளைவு. மருந்தின் இயல்பிலிருந்தே வருவது ஒரு வகை: சளி மருந்து குடித்த குழந்தை தூங்கி வழிவது போல. யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒவ்வாமை இன்னொரு வகை.

3. மருந்து சரி, கொடுத்த விதம் தவறு. வயதுக்கு ஆகாத மருந்து, எடைக்கு மீறிய அளவு, தசையில் போட வேண்டியதை இரத்தக்குழாயில் ஏற்றுவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுப்பது.

முதல் வகைக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. கலப்படம் உயிரைப் பறித்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகும். மூன்றாம் வகை நேரடியாகக் கவனக்குறைவு. வழக்குகளில் பெரும்பாலும் இழுபறியாவது இரண்டாம் வகைதான். பக்கவிளைவு வந்தது என்பதற்காக மட்டும் யாரும் இழப்பீடு தர வேண்டியதில்லை. அதற்கு முன்போ பின்போ, செய்திருக்க வேண்டிய ஒன்று செய்யப்படாமல் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

கோல்ட்ரிஃப் விஷயத்தையே இந்தக் கண்ணோடு பாருங்கள். சீசாவுக்குள் நஞ்சு இருப்பது எந்த மருத்துவருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் அதில் இருந்த குளோர்ஃபெனிரமின், ஃபெனைல்எஃப்ரின் என்ற சளி மருந்துகளின் கூட்டுக் கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2 வயதுக்குள் இருமல், சளி மருந்தே வேண்டாம், 5 வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்ற மத்திய அறிவுரையும் 2025 அக்டோபரில் வந்தது. அப்படியானால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘நஞ்சு என்று தெரியாதா?’ என்பதாக இருக்க முடியாது. ‘இந்த வயதுக்கு இந்தக் கலவை எதற்கு?’ என்பதுதான் கேள்வி. சிந்த்வாராவில் நடந்தது என்ன என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். கேள்வியின் வடிவம் மட்டும் நமக்குப் போதும்.

குழந்தை சின்னப் பெரியவர் கிடையாது

பெரியவருக்கு ஒரு மாத்திரை, குழந்தைக்குக் கால் மாத்திரை என்பது நம் பழக்கம். உடல் அப்படி வேலை செய்வதில்லை. பிறந்த சில வாரங்களில் கல்லீரலுக்கு மருந்தை உடைக்கும் திறன் முழுமையாக வந்திருக்காது. சிறுநீரகமும் அப்படியே. குளோராம்ஃபெனிகால் என்ற பழைய கிருமிக்கொல்லி பச்சிளம் குழந்தைகளின் உடலில் தேங்கி, அவர்கள் சாம்பல் நிறமாகி இறந்த வரலாறு உண்டு. மருத்துவப் புத்தகங்களில் ‘சாம்பல் குழந்தை நோய்’ என்றே அதற்குப் பெயர். இன்று பரவலாகப் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் கால்சியமும் பச்சிளம் குழந்தையின் இரத்தத்தில் சேர்ந்தால் படிவமாகி நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அடைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அந்த அளவு ஆபத்தில்லாத சேர்க்கை இது.

இன்னொரு காட்சி அவசர சிகிச்சைப் பிரிவுகளில் எல்லோருக்கும் பழக்கமானது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசியோ மருந்தோ கொடுத்து வீட்டுக்கு வந்த குழந்தைக்குச் சில மணி நேரத்தில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு போலத் தெரியும். வீட்டில் பாட்டி திருநீறு பூசிவிடுவார். நினைவு தப்பாது என்பதுதான் வித்தியாசம். சரியான மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் நிமிடங்களில் சரியாகிவிடும். சரியான அளவிலும் வரக்கூடிய விளைவு இது, அதனால் வந்தது என்பதே குற்றமாகாது. ஆனால் ஒரு வயதுக்குள் இந்த மருந்து கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இலேயே சொல்லியிருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்குப் போட்டிருந்தால் கதை வேறு.

எடைக் கணக்கு: இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது

குழந்தை மருத்துவத்தில் அளவு என்றால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். வயதைப் பார்த்து ‘கால் மூடி, அரை மூடி’ என்பது கணக்கே கிடையாது. எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 100 முதல் 150 மி.கி. இனிக் கடையில் கிடைக்கும் வகைகள்:

சொட்டு மருந்து: 1 மி.லி.யில் 100 மி.கி.
சாதாரண சிரப்: 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி.
கூடுதல் வீரிய சிரப்: 5 மி.லி.யில் 250 மி.கி.

சீட்டில் ‘பாராசிட்டமால் 5 மி.லி., நாலு வேளை’ என்று மட்டும் இருக்கிறது, வீரியம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சிரப் கொடுத்தால் 125 மி.கி., பொருத்தமான அளவு. வீரிய சிரப் என்றால் 250, கிலோவுக்கு 25. சொட்டு மருந்துச் சீசாவைக் கொடுத்து அதையே 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., கிலோவுக்கு 50. நாலு வேளைக்கு ஒரு நாளில் கிலோவுக்கு 200 மி.கி. ஆகிறது. கல்லீரலைக் கெடுக்கக்கூடிய அளவு அது. கண்டுபிடித்த உடனே கொண்டுபோனால் நச்சுமுறி மருந்து இருக்கிறது. முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஆனால் முதல் நாளில் வாந்தியும் சோர்வும் தவிர வேறெதுவும் தெரியாது. காய்ச்சல் அசதி என்று வீட்டிலேயே படுக்க வைத்திருப்பார்கள்.

இதில் யார் தவறு? வீரியம் எழுதாத மருத்துவரா, சீட்டைப் பார்த்துக் கேட்காமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரரா, சீசாவோடு வந்த சொட்டுக் குழாயைப் பார்க்காத தாயா? பேச்சு எப்போதும் தாயில் வந்துதான் நிற்கும். என் பார்வையில் அது அநியாயம். எந்தச் சீசா, எத்தனை மி.லி. என்று எழுத்தில் தரும் கடமை படித்தவர்கள் பக்கம் இருக்கிறது.

நம் ஊர் மாலைநேர கிளினிக்குகளில் டோக்கன் எண் அறுபதைத் தாண்டும். அந்த நெரிசலில் எடை பார்த்துவிடுவார்கள், ஆனால் சீட்டில் எழுத மாட்டார்கள். எடை எழுதாத சீட்டை வைத்து, பிறகு யாராலும் அளவு சரியா தவறா என்று சொல்ல முடியாது. குழந்தைக்கும் நல்லதில்லை, மருத்துவருக்கும் நல்லதில்லை. சரியான அளவுதான் கொடுத்தேன் என்று நிரூபிக்க அவருக்கும் அந்த ஓர் எண்தான் துணை.

சட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்பதன் பொருள்

நான்கு கண்ணிகள் தேவை: கவனித்துப் பார்க்கும் கடமை, அந்தக் கடமையில் தவறியது, உண்மையான பாதிப்பு, தவறுக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு. ஒன்று அறுந்தாலும் வழக்கு விழும்.

கடமை தவறியதை அளக்கும் கோல் ‘போலம் சோதனை’. இங்கிலாந்தில் 1957-இல் உருவானது. அதே துறையில் சராசரித் திறமையுள்ள பொறுப்பான மருத்துவர்கள் அந்தச் சூழலில் ஏற்கக்கூடிய முறையில் நடந்தாரா என்பதே கேள்வி. ஆகச் சிறந்த நிபுணரோடு ஒப்பிட மாட்டார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை உறுதி செய்தது.

மருந்து விளைவு வழக்குகளில் ‘தவறினார்’ என்று காட்டக்கூடிய இடங்கள் ஐந்து:

1. தேர்வு. காய்ச்சல், வலிக்கான நைமசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்ற தடை 2011 முதல் இருக்கிறது. அதை மூன்று வயதுக் குழந்தைக்கு எழுதினால் விவாதத்துக்கு அதிக இடமில்லை.

2. அளவும் வழியும். மேலே பார்த்தோம்.

3. கேட்டறிதல். ‘முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்குங்களா?’ என்ற ஒரு கேள்வி. கேட்டிருந்து, பெற்றோர் மறைத்திருந்தால் பொறுப்பு மாறும். கேட்டதற்கான குறிப்பு கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்பதைத்தான் நுகர்வோர் ஆணையம் பார்க்கும்.

4. சொல்லுதல். சில வலிப்பு மருந்துகள் அரிதாகத் தோலையே உரித்துவிடும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைக் கொண்டுவரும். யாருக்கு வரும் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ஆனால் ‘உடம்பில் பொரி, வாயில் புண் வந்தால் மருந்தை நிறுத்தி உடனே வாருங்கள்’ என்று சொல்ல முடியும். சொல்லாததால் பத்து நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டால், வந்த நோய் பக்கவிளைவுதான், வளர விட்டது கவனக்குறைவு.

5. கவனித்தலும் உடனடிச் செயலும். ஊசி போட்டதும் மூச்சுத்திணறி முகம் வீங்கும் கடும் ஒவ்வாமையை எப்போதும் தடுக்க முடியாது. ஆனால் ஊசி போடும் இடத்தில் அட்ரினலின் (கடும் ஒவ்வாமையை அடக்கும் மருந்து) இல்லை, இருந்தும் தொடைத் தசையில் போடத் தெரிந்த ஆள் இல்லை, ‘கோயமுத்தூருக்குக் கொண்டு போங்க’ என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள் என்றால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தொடர்பை நிரூபிப்பது: கடினமான பகுதி

அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி ஆரம்பித்த நாலாம் நாள் குழந்தையின் உடம்பெல்லாம் சிவப்புப் பொரி. மருந்தா, காய்ச்சலுக்குக் காரணமான வைரஸா? வைரஸ் காய்ச்சல்கள் பலவற்றில் மருந்தே கொடுக்காவிட்டாலும் பொரி வரும். அதிக காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு ஊசி போட்ட அரை மணியில் வலிப்பு. ஊசியா, காய்ச்சல் வலிப்பா? ‘மருந்துக்குப் பிறகு வந்தது’ என்பதும் ‘மருந்தால் வந்தது’ என்பதும் ஒன்றாகிவிடாது.

இதைத் தீர்மானிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று 1981-இல் வந்த நரஞ்ஜோ அளவுகோல். பத்துக் கேள்விகள். மருந்துக்குப் பிறகுதான் விளைவு வந்ததா? நிறுத்தியதும் குறைந்ததா? மறுபடி கொடுத்தபோது மறுபடி வந்ததா? நோயோ வேறு மருந்தோ காரணமாக இருக்கலாமா? இரத்தத்தில் மருந்து நச்சு அளவில் இருந்ததா? இப்படிப் போகும். 9-உம் அதற்கு மேலும் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம், அதற்கும் கீழ் என்றால் ஐயம். உயிரோடு விளையாடும் விளைவுகளில் ‘மறுபடி கொடுத்துப் பார்த்தோமா’ என்ற கேள்விக்கு யாரும் ஆம் என்று சொல்ல முடியாது. அதனால் நியாயமான வழக்குகளும் ‘உறுதி’ என்ற நிலையைத் தொடாமல் ‘அநேகமாக’ என்பதிலேயே நின்றுவிடும்.

நுகர்வோர் ஆணையத்துக்கு அது போதும். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அங்கே அளவுகோல். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போதாது, அங்கே ஐயத்துக்கு இடமே இருக்கக்கூடாது. பெரியவர்கள் சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகள் இந்த எல்லைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மும்பையில் சிறுநீரகம் பழுதடைந்த ஒருவருக்குக் கடும் தொற்றுக்கு அமிக்காசின் ஊசி போட்டார்கள். காது கேட்காமல் போனது என்று வழக்கு. அமிக்காசின் காதைப் பாதிக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. தேசிய நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உயிர் போகக்கூடிய தொற்று, வேறு மருந்துக்கு வழியில்லாத நிலை, ஆபத்தைத் தெரிந்தே எடுத்த முடிவு என்பது காரணம். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதே வகை மருந்துகள் அன்றாடம் பயன்படுவதால் இந்தத் தீர்ப்பு அங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும்.

கொல்கத்தா சாஹா வழக்கு இதற்கு எதிர்முனை. 1998-இல் தோல் நோயோடு வந்த பெண்ணுக்கு, நீண்டநேரம் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஒன்றை 80 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு முறை போட்டார்கள். அந்த மருந்தை யாருமே அந்த வேகத்தில் தருவதில்லை. அவர் இறந்தார். 2009-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பை உறுதி செய்தது, அதே தீர்ப்பில் குற்றவியல் வழக்கிலிருந்து மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டது சரி என்றும் சொன்னது. 2013-இல் இழப்பீடு சுமார் 6 கோடி, வட்டி தனி என்று முடிந்தது. ஒரே நிகழ்வு, ஒரே ஆவணங்கள், இரண்டு அளவுகோல்களில் இரண்டு முடிவு.

நிபுணர் சாட்சி எல்லா வழக்குக்கும் வேண்டுமா? வேண்டியதில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்த்தாலே தெரியும் தவறுக்கு நிபுணர் எதற்கு? மேலே பார்த்த சொட்டு மருந்துக் கணக்கு அப்படிப்பட்டது. அமாக்சிசிலின் பொரி அப்படிப்பட்டதில்லை, அதற்கு இன்னொரு குழந்தை மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து இல்லாமல் நகர முடியாது. உள்ளூரில் சக மருத்துவருக்கு எதிராக எழுதித்தர ஆள் கிடைப்பது சிரமம் என்பதை எல்லோரும் அறிவார்கள். மருத்துவக் கல்லூரிக் குழுவின் கருத்தைக் கேட்டு வாங்கும்படி ஆணையத்திடமே மனு போடுவது பல வழக்கறிஞர்கள் எடுக்கும் வழி.

யார் பொறுப்பு?

குழந்தை மருத்துவ வழக்குகளில் எல்லோரும் சுட்டுவது டில்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. செவிலியர் போட்ட தவறான ஊசியால் குழந்தையின் இதயம் நின்று, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1998-இல் உச்ச நீதிமன்றம் குழந்தைக்கு 12.5 லட்சமும், மன வேதனைக்காகப் பெற்றோருக்குத் தனியாக 5 லட்சமும் உறுதி செய்தது. இதிலிருந்து இரண்டு விதிகள் நின்றன: ஊழியரின் தவறுக்கு மருத்துவமனை பொறுப்பு, குழந்தையும் நுகர்வோர், பணம் கட்டிக் கூட்டி வந்த பெற்றோரும் நுகர்வோர்.

கடைக்காரர் பொறுப்பு தனி. மருத்துவர் எழுதிய அட்டவணை எச் மருந்துக்கு (சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியது) பதிலாக வேறு தயாரிப்பைத் தருவதை, அதே மூலப்பொருளாக இருந்தாலும், 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் தடுக்கின்றன. ‘அது ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதேதானுங்க’ என்பது நமக்குப் பழகிப்போன வாசகம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

தயாரிப்பாளர்மேல் போவதற்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பில் பிழை, போதிய எச்சரிக்கை இல்லாத லேபிள் இரண்டும் அதில் அடங்கும்.

பதிவு பெறாதவர், அல்லது தன் முறையைத் தாண்டி மருந்து எழுதியவர் விஷயம் எளிது. ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்த வழக்கில், அதுவே கவனக்குறைவுதான், தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று 1996-இலேயே தீர்ப்பாகிவிட்டது. ஊசி போட்டுப் பொட்டணத்தில் மாத்திரை மடித்துத் தரும் ‘டாக்டர்கள்’ இன்னும் மலையோர ஊர்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். அங்கே சிக்கல் வேறு: சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது.

எங்கே போவது?

நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவை இதற்குள் வரும் என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் முடிவான விஷயம். எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசியம். அதாவது 3 லட்சம் பில் கட்டியவர் ஒரு கோடி இழப்பீடு கேட்டாலும் மாவட்டத்திலேயே தொடங்கலாம். 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுக் கட்டணம் இல்லை. குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது 2019 சட்டம் தந்த நல்ல மாற்றம். தாராபுரத்துக்காரர் கோவை மருத்துவமனைமேல் திருப்பூர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இணையவழியில் ‘இ-ஜாக்ரிதி’ தளம்.

இலவச சிகிச்சை. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. அங்கே உரிமையியல் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்ற ரிட் மனு. சிலருக்குக் கட்டணம், சிலருக்கு இலவசம் என்று நடக்கும் அறக்கட்டளை மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்தவரும் நுகர்வோர்தான். திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்கு முக்கியமான ஒன்று: ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இலவசம் போலத் தெரிந்தாலும், சம்பளத்தில் பிடித்தம் இருப்பதால் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காவல் நிலையம். இறப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு. பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. மோசமான, மிகையான கவனக்குறைவு இருந்தால்தான் குற்றம். அரசு மருத்துவர் ஒருவரின் சார்பற்ற கருத்தை வாங்கிய பிறகே காவல்துறை மேலே போக வேண்டும், வழக்கமாகக் கைது செய்யக்கூடாது என்பது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. மருத்துவமனை வாசலில் சாலை மறியல் செய்து எஃப்.ஐ.ஆர். வாங்கிவிட்டால் பாதி வென்றதாக நினைக்கிறோம். அந்த எஃப்.ஐ.ஆர். நிபுணர் கருத்தோடு முடிந்துபோவதும், அதற்குள் நுகர்வோர் மனுவுக்கான காலம் கரைவதும்தான் அடிக்கடி நடக்கிறது.

மற்றவை. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு, இங்கே பணம் கிடைக்காது. மருந்தின் தரம் பற்றியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு. கட்டணம் செலுத்தி மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு, சட்டத்தின் 26-ஆம் பிரிவு. பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண், பெற்றோரே சொல்லலாம். இது வழக்கு ஆகாது, ஆனால் ஒரே மருந்தைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து தகவல் சேர்ந்தால்தான் எச்சரிக்கையும் தடையும் வரும்.

கையில் இருக்க வேண்டியவை

1. சீசா. மீதி மருந்தோடு, மூடியோடு, அட்டைப்பெட்டியோடு. தொகுப்பு எண் அதில்தான் இருக்கிறது. கோபத்தில் எறிந்துவிடுவதும், ‘இந்தச் சனியன் வீட்டில் வேண்டாம்’ என்று சாக்கடையில் ஊற்றுவதும் நடக்கிறது. வழக்கின் முதல் சாட்சி அங்கே போய்விடுகிறது.

2. பில். ‘பில் வேணுங்களா?’ என்று கடைக்காரர் கேட்டால் வேண்டும் என்று சொல்வது.

3. அன்றைய எடை. சீட்டில் இல்லாவிட்டால் தடுப்பூசி அட்டையிலோ அங்கன்வாடிப் பதிவிலோ அருகிலுள்ள தேதி எடை.

4. கேஸ் ஷீட் நகல். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. எந்த மணிக்கு எந்த ஊசி, யார் போட்டது என்பது செவிலியர் குறிப்பில்தான் இருக்கும். அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

5. நேர வரிசை. எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை மணிக்கு மாற்றம் என்று அன்றே ஒரு தாளில் எழுதி வைத்தது. பொரி, வீக்கம் இருந்தால் தேதியோடு கைப்பேசிப் படம்.

6. உடற்கூறாய்வு. சொல்லவே கஷ்டமான விஷயம். குழந்தையை அறுக்க வேண்டாம் என்று உறவினர்கள் தடுப்பார்கள், அன்று மாலையே புதைத்துவிடுவார்கள். பின்னர் சந்தேகம் வந்தால் தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் பல தடயங்கள் அழிந்திருக்கும்.

எவ்வளவு, எப்போது

குழந்தைக்கு வருமானம் இல்லை. ஆனால் பாதிப்போடு இன்னும் ஐம்பது அறுபது ஆண்டு வாழ வேண்டியிருக்கலாம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு ஆக்சிஜன் தந்த பிறகு (ஆக்சிஜனும் ஒரு மருந்துதான்) விழித்திரைப் பரிசோதனை செய்யவில்லை, பெற்றோரை எச்சரிக்கவும் இல்லை. பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது. அதில் பெரும்பகுதி எதிர்கால மருத்துவச் செலவு, விலைவாசி உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஆனால் பிறப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டு ஓடிவிட்டது.

நுகர்வோர் ஆணையத்தில் காலக்கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்காருவது ஆபத்து. உரிமையியல் நீதிமன்றத்தில் மட்டும் குழந்தைக்குச் சலுகை உண்டு: காலம் 18 வயதுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். காது கேளாமை, கற்றல் குறைபாடு போலத் தாமதமாகத் தெரியும் பாதிப்புகளில் இது உதவும்.

வழக்கறிஞர் செலவுக்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி குழந்தைக்கு இலவச சட்ட உதவி உரிமை. குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி எண் 15100.